சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

கண்ணு,

நேரில் சொன்னால் நீ என் பேச்சைக் கேட்க மாட்டாய், என் முகத்தைப் பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தாலே போதும், "சரிம்மா, உடு, அப்புறம் பேசிக்கலாம்" என்று எழுந்து போய்விடுவாய். காகிதத்துக்கு நெற்றி கிடையாது. கடைசிவரை நீ படித்துத்தான் ஆகவேண்டும். 'நலம், நலமறிய அவா' என்று தொடங்குவது வழக்கம். அந்தச் சொல்லை மட்டும் இதில் நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப்போக உனக்கே தெரியும்.

நாமக்கல் பட்டறையில் நம் புது வண்டிக்குப் பாடி கட்டி முடித்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ அங்கேயே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு பெயின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று அப்பா வந்து சொன்னார். "கதவுல ரோசாப்பூ வேண்டாங்கறான் உன்ற மவன். மயிலும் வேண்டாமாமா. வெறும் பச்சையிலயே உடச் சொல்றான். லாரிக்குப் பெயின்ட் அடிக்கறானா, பீரோவுக்கு அடிக்கறானா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் சிரித்தேன். அவர் தூங்கப் போனதும் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்கு வந்துவிட்டேன். மத்தியான வெயில், தெருவில் ஒரு சத்தமும் இல்லை. உன் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை இந்த நேரம் என்னுடையது.

வருகிற வெள்ளிக்கிழமை நீ கிளம்புகிறாய். ஜவ்வரிசி மூட்டை, கல்கத்தா லைன். உன் அப்பா எத்தனையோ வருடம் போய் வந்த அதே பாதை. இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் அவரிடம் சொன்னபோது, அத்தோடு லாரி சமாச்சாரம் முடிந்தது, பி.காம். படித்த பையன் பாங்க் பரீட்சை எழுதுவான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். "ஏஞ்சாமி, லாரிக்கே போகோணுமா? மனசுல என்ன நெனச்சுட்டுப் போற?" என்று கேட்டேன். நீ வாயைத் திறந்தாய். ஏதோ சொல்ல வந்தாய், அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதற்குள் உன் கண் என் நெற்றிக்கு ஒருமுறை போய்வந்தது. "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தாய். சாவியை யாராவது துடைப்பார்களா?

அந்தப் பார்வை உனக்கு நாலு வயதில் வந்தது. எந்தக் காலையில் வந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். உனக்கு நினைவிருக்காது என்று இத்தனை வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைவிருந்தாலும் நீ சொல்லியிருக்க மாட்டாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நான் பரமத்தி வேலூர்க்காரி, உனக்குத் தெரியும். அங்கே எங்கள் வீட்டு ஆண்கள் விடிந்ததும் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போவார்கள், வெயில் ஏறுவதற்குள் சோற்றுக்கு வந்துவிடுவார்கள். போனவர் வருவாரா என்று வாசலைப் பார்க்கிற வேலை அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் இருந்ததில்லை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி மனையியல் படித்தேன். குழந்தை வளர்ச்சி என்று ஒரு பாடம் உண்டு, அதில் எனக்கு நல்ல மார்க். எந்த மாதம் கழுத்து நிற்கும், எந்த மாதம் எந்தப் பல் வரும், ராகிக் கூழ் எப்போது கொடுக்கலாம் எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். படிப்பு முடிந்ததும் முறைமாமன் என்று உன் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். வேலூரிலிருந்து நம் சங்ககிரி தூரமும் இல்லை. ஆனால் அவர் லைனுக்குக் கிளம்பினால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். போன் கிடையாது. கல்கத்தாவில் போட்ட கார்டு, சில தடவை அவர் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வந்து சேரும்.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அந்த வீட்டில்தான் தெரிந்தது. அது ஒரு நாளும் பயமாக வெளியே வரவில்லை என்பதுதான் விஷயம். கோபமாக வந்தது. கார்டு வராத வாரங்களில் பால் பொங்கினால் கோபம், நீ இரண்டாம் தரம் தண்ணீர் கேட்டால் கோபம், காக்காய் கத்தினால்கூடக் கோபம். கார்டு வந்துவிட்டால் உன்னைத் தூக்கிக் கொஞ்சுவேன், எள்ளுருண்டை பிடித்துத் தருவேன். முதல் நாள் நீ என்ன செய்தாயோ அதையேதான் மறுநாளும் செய்திருப்பாய். ஒரு நாள் அடி, ஒரு நாள் முத்தம். ஏன் என்று அந்தப் பிஞ்சு மண்டை எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஆனால் நீ கண்டுபிடித்தாய். மூன்று வயதிருக்கும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு முன்னால் நீ வாசலுக்கு ஓடுவாய். ஒரு நாள் அவர் நிற்காமல் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, "அம்மா, இந்தா லெட்டரு" என்று ஒன்றை நீட்டினாய். யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன பஸ் டிக்கெட். மிதிபட்டு, மண் ஒட்டியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "கண்ட குப்பையைத் தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது" என்று கையைத் தட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கிருமி பற்றிப் படித்தவள் அல்லவா. என்னைச் சிரிக்கவைக்க என்ன வேண்டும் என்று யோசித்து, தெரு முழுக்கத் தேடி, ஒரு குழந்தை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறது. நான் அழுக்கை மட்டும் பார்த்தேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

வைகாசிக் கடைசி. அப்பா கல்கத்தா போக வண்டி தயாராக நம் வாசலில் நின்றது. வழக்கம்போலப் பூ கட்டி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டுவிட்டார். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த உன் பெரியம்மா, அப்பாவின் அண்ணி, "பழத்தக் காணம்!" என்று கத்தினார்கள். முன்சக்கரத்தடியில் வைத்த இரண்டையும் காணோம். "கோழி உருட்டியிருக்கும்" என்று யாரோ சொல்ல, வேறு இரண்டு எடுத்து வந்து வைத்தோம். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பக்கத்துப் பின்சக்கரத்துப் பழமும் இல்லை.

குனிந்தேன். வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், நீ மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாய். சட்டையை மடியாகப் பிடித்து அதில் பழங்களை வைத்திருந்தாய். மேலே இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கிறது. அப்பா கிளட்சிலிருந்து காலை எடுத்தால் போதும்.

இங்கே பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நான் போட்ட சத்தத்தில் அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டார். உன் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். பழங்கள் சிதறி ஓடின. கன்னத்தில், முதுகில், எங்கே என்று தெரியாமல் அடித்தேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்கிற சந்தோஷத்தை அடியாகத்தான் கொடுக்கத் தெரிந்தது எனக்கு. பெரியம்மா ஒரு பக்கம், "பொறப்படற நேரத்துல பழத்த எடுக்கலாமா? என்ன சகுனம் இது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனம்மணி, காலேசுல புள்ள வளக்கறதுக்கும் பாடம் வெச்சாங்கன்னியே, அதுல எத்தன மார்க்கு?" என்றார்கள். அப்பா இறங்கி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டார். "உடு புள்ள. திங்கறதுக்கு எடுத்திருப்பான். ஏன்டா, புளிப்பு வேணுமா உனக்கு?" என்று தாடையைப் பிடித்து ஆட்டினார். நீ அவரைப் பார்க்கவில்லை. அவர் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் உன்னைக் கீழே இறக்கினார்.

பழம் திரும்ப வைத்து, திரும்பக் கற்பூரம் காட்டி, வண்டி போய்விட்டது. புழுதி அடங்கும்வரை நீ அசையவில்லை. பிறகு, "போயிருச்சு" என்றாய். டிராயர் பைக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினாய். ஒன்றை மட்டும் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தாய். நான் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். நீ அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் உன்னைத் தூக்கியிருப்பேன். அது மிதந்து போவதைப் பார்த்தாய், பிறகு என் நெற்றியைப் பார்த்தாய். அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை உனக்கு எப்படிச் சொல்வது? கார்டு வரவில்லை. மாவு மில்லில் ஒருத்தி, ஒரிசாப் பக்கம் மலை இறக்கத்தில் நம்ம ஊர்ப் பக்கத்து வண்டி ஒன்று கவிழ்ந்துவிட்டதாம் என்றாள். யார் வண்டி என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டம் வாங்கிய நான், பழத்தை எடுத்ததால்தான் என்று நம்பினேன். நம்பிவிட்டு உன்னைப் பார்ப்பேன். ஒரு நாள் சோறு ஊட்டும்போது உன் தோளைப் பிடித்து உலுக்கி, "எதுக்குடா எடுத்தே? சொல்லு, எதுக்கு எடுத்தே?" என்று கேட்டேன். கேள்வி மாதிரிதான் இருக்கும் கேட்பதற்கு. ஆனால் பதில் வந்தால் கேட்டுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. அது உனக்குத் தெரிந்திருந்தது. வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றாய்.

அந்தச் சொல் யாருடையது தெரியுமா? என்னுடையது. நான் சுவரோரம் உட்கார்ந்து அழும்போது நீ வந்து முந்தானையை விலக்கிப் பார்ப்பாய். "ஏம்மா?" என்பாய். "ஒண்ணுமில்ல சாமி" என்பேன். நாளுக்கு நாள் கேட்டுக் கேட்டு நீ அதைப் படித்துக்கொண்டாய்.

ஆனி பாதியில் ஒரு இன்லண்ட் கவர் வந்தது. அப்பா கையெழுத்து. ஆக்ஸில் உடைந்து ஒரிசாவில் ஏதோ ஒரு ஊரில் பட்டறையில் கிடக்கிறார்களாம், சாமான் வர வேண்டுமாம், உடம்புக்கு ஒன்றுமில்லையாம், பையனுக்குச் சட்டை எடுத்து வருகிறேன், அளவு போனவாட்டியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தார். மூன்று தரம் படித்தேன். மேலெல்லாம் ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. குளித்தேன். ரசம் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு இதே பின்வாசல் படியில், இப்போது உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில், சும்மா உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் கழித்துச் சும்மா உட்கார்ந்தேன்.

நீ வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தாய். பாடி கட்டுகிற ஆசாரி மிச்சக் கட்டையில் செய்து கொடுத்த சின்ன லாரி இருந்ததே, அதை வைத்துக்கொண்டு. கீழே உதிர்ந்த வேப்பம்பழங்களைப் பொறுக்கி நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாய். "டுர்ர்ர்" என்று வாயால் இன்ஜின் போட்டாய். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு தூரமாகப் போயிற்று, வேலி வரைக்கும். பிறகு அதைத் திரும்பத் தூக்கி வந்து, பழம் வைத்தாய். இந்தத் தடவை இன்ஜின் போடுவதற்கு முன்னால் நாலையும் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாய். லாரியைப் பார்த்து உட்கார்ந்தாய். லாரி நின்றது. நீ குனிந்து அதனிடம் மெல்லச் சொன்னாய்: "பழமில்ல. போவ முடியாது. அப்பா, எறங்கி ஊட்டுக்குள்ள போய்ச் சோறு உண்ணுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது கண்ணு.

ஒவ்வொரு தடவையும் நீ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். பழம் வைக்கிறார்கள், வண்டி போகிறது, அப்பா காணாமல் போகிறார், அம்மா அழுகிறாள். அப்படியானால் பழம்தான் வண்டியைக் கொண்டுபோகிறது. பழத்தை எடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். யாரும் சொல்லித் தராமல் நீயாகக் கண்டுபிடித்த கணக்கு. அதற்காக உறுமுகிற வண்டிக்கு அடியில் நுழைந்திருக்கிறாய். யாருக்காக? அப்பா சோறு உண்ண. நான் அழாமல் இருக்க. அதற்குத்தான் அடித்தேன். போயிருச்சு என்று நீ கடைசிப் பழத்தை என்னிடம் நீட்டியது, ஒன்றை எடுத்துவிட்டோமே, அப்படியும் போய்விட்டதே, ஏன் என்று என்னிடம் கேட்பதற்காக. உலகத்தில் வேறு யாரிடம் கேட்பாய்?

இன்னொன்றும் அப்போதுதான் தைத்தது. அந்த விளையாட்டு அன்றைக்குப் புதிதாக வந்திருக்காது. வேலி வரைக்கும் மண்ணில் சக்கரத் தடம் பதிந்து ஓடை மாதிரி ஆழமாகக் கிடந்தது. எத்தனை நாளாக என் கண்முன்னால் ஆடியிருக்கிறாயோ. வேலூரில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் செம்மண்ணாகக் கலங்கி ஓடும். தெளிந்த பிறகுதான் படித்துறைக் கடைசிப் படி எங்கே இருக்கிறதென்று காலை வைப்போம். படி அங்கேயேதான் இருந்திருக்கும். என் மனம் அன்றைக்கு ஒரு இன்லண்ட் கவரால் தெளிந்தது, நீ தெரிந்தாய். கவர் வந்திருக்காவிட்டால் அன்றைக்கும் நான் உன்னைப் பார்த்திருக்க மாட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பை அதற்குப் பிறகுதான் செய்தேன். "சாமி" என்று கூப்பிட்டேன். நீ திடுக்கிட்டு, பழம் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என் நெற்றியைப் பார்த்தாய். அந்த நொடியில் இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்திருக்க வேண்டும். பழம் இல்லாவிட்டாலும் அப்பா போவார் சாமி, போனாலும் வருவார், அம்மா அழுவது உன்னால் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கம். அடித்தது தப்பு என்று நாலு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்கிற வெட்கம். "வா, குளிக்கலாம்" என்றேன். நீ பழங்களைக் கீழே போட்டுவிட்டு வந்தாய்.

அந்த மத்தியானத்துக்கு நான் திரும்பிப் போகாத வருடம் இல்லை. பாத்திரம் கழுவும்போது போவேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போவேன். போய் உன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, மூடியிருக்கிற அந்தச் சின்னக் கையைத் திறந்து, "எங்கே, அம்மாகிட்டயும் ஒரு பழம் குடு" என்று கேட்பேன். நீ கொடுப்பாய். ஏன் எதற்கென்று உன் மழலையில் எல்லாவற்றையும் சொல்வாய். அந்தக் குரல் எனக்கு வேண்டியிருக்கிறது. இப்போதைய உன் குரல் நல்ல கனத்த குரல், கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் எனக்கென்று வருவது ஒரே சொல்தான்.

அடுத்த லைனுக்கு அப்பா கிளம்பியபோது நீ பழத்தின் பக்கமே போகவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லாரும் சமத்து என்றார்கள். அப்பாவை நிறுத்துகிற வேலையை விட்டுவிட்டு என்னைக் காவல் காக்கிற வேலையை எடுத்துக்கொண்டாய் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் சும்மா இருந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். பயம் ஏறினால் முதலில் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு, இப்போது யார் மேல் கோபம் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் யார் மேலும் இருக்காது. கழுவின முகத்தோடு திரும்பி வந்து பார்த்தால் அதே பிள்ளை, அதே சேட்டை, வேறு மாதிரி தெரியும். சில நாள் தொட்டிக்குப் போக மறந்து கை நீண்டிருக்கிறது, அதுவும் உண்டு. உன் தங்கை பிறந்து அவளுக்கும் அதே வயது வந்தபோது, அப்பா கிளம்புகிற நேரத்தில் அவர் செருப்பை எங்கேயோ ஒளித்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "அம்மாவுக்குப் பயமா இருக்குது, அதான் மூஞ்சி இப்படி இருக்குது. உன்மேல கோவமில்ல. செருப்ப ஏன் ஒளிச்ச?" என்றேன். "அப்பா கால் சுடுமில்ல, போவ மாட்டாங்கல்ல?" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதேன். அவளும் அழுதாள், செருப்பு உரலுக்குள் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த வாய் இன்னும் மூடவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் என்ன குழம்பு கொண்டுவந்தாள் என்பதுவரை எனக்கு ஒப்பித்தாக வேண்டும். உன்னிடம் கற்ற பாடத்தை அவளுக்கு நடத்தினேன். அவள் வளவளவென்று பேசும்போது ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாயே, அப்போதெல்லாம் என் நெஞ்சு உன் பக்கம்தான் இருக்கும்.

உன்னிடம் நான் அப்படிப் பேச ஆரம்பித்தபோது நீ ஏற்கெனவே வாயை மூடிவிட்டாய். சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது மஞ்சள் காமாலை வந்து கிடந்தாயே. அந்த நாட்களிலும் உன் கார்டு தவறாமல் வந்தது. 'நலம். படிப்பு நன்றாகப் போகிறது.' லீவுக்கு வந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. "ஏஞ்சாமி, ஒரு வார்த்த எழுதப்படாதா?" "நீ பயந்துக்குவேம்மா." எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். என் மனசு உனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு உன் மனசை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாய். பெற்றவளுக்குப் பிள்ளை செய்ய வேண்டிய வேலையா அது? அன்றிலிருந்து அந்த நலம் என்கிற சொல்லைக் கண்டால் எனக்கு ஆகாது.

போன வாரம்தான் அப்பாவிடம் அந்தப் பழக் கதையை முழுதாகச் சொன்னேன். "நான் கெளம்பறப்பவெல்லாம் அவன் என்ற மூஞ்சியப் பாக்கவே மாட்டான். உன் முந்தானையப் புடிச்சுட்டு உன்னையே பாத்துட்டு நிப்பான். போனாப் போவட்டும்னு நெனைக்கறான்னே இத்தன காலமா நெனச்சுட்டு இருந்தேன் புள்ள" என்றார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றார். மாலை ஆறு மணிக்கு.

நீ ஏன் லாரிக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. அவர் பார்த்த ஊர்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம். அவர் அங்கே எதற்குப் போனார் என்று தெரிந்துகொள்ள இருக்கலாம். வேறு எதுவோ இருக்கலாம். நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு அதுதான் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தப்பை ஒருமுறை செய்தாயிற்று. நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் வழி நெடுக எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது என்கிறார்கள். பெரியம்மா வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. கூப்பிடு. ஆனால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடாதே. எந்த மலை இறக்கத்தில் கால் நடுங்கியது, எந்தச் செக்போஸ்டில் யாரோடு சண்டை, என்ன தின்று வயிறு கெட்டது, எந்த ஊரில் இறங்கி நின்று வீட்டை நினைத்தாய், அதைச் சொல். நான் பயப்படுவேன். மாட்டேன் என்று பொய் சொல்லப் போவதில்லை. பயந்து பயந்து எனக்கு அது பழகிவிட்டது, தொட்டியில் தண்ணீரும் இருக்கிறது. என் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நாலு வயதிலிருந்து நீ தூக்கிக்கொண்டிருக்கிறாய், இறக்கி வை சாமி. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள், குழந்தை பிறக்கும், நீ லைனில் இருக்கும்போது அவள் வாசலைப் பார்ப்பாள். அவள் முகம் ஏன் அப்படி இருக்கிறதென்று அந்தக் குழந்தைக்கு யாராவது சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள். அது என்ன பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டினாலும், கையைக் கழுவிவிடுவதற்கு முன்னால், என்ன இது என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நம் வாசலில் வண்டி நிற்கும். பூ கட்டி, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் பழம் வைப்பார்கள். பெரியம்மா இந்த முறையும் பக்கத்திலேயே நின்று காவல் காப்பார்கள், சந்தேகமே வேண்டாம். நீ ஏறி உட்காருவதற்கு முன்னால் குனிந்து ஒரு பழத்தை எடுத்து என் கையில் கொடு. யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று சக்கரம் நசுக்கட்டும். பழம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி போகும் என்று இப்போது நம் இரண்டு பேருக்கும் தெரியும். நீ போ. நான் அதை இந்தத் தடவை எறிய மாட்டேன்.

அம்மா